சேரிக்கு அரிச்சுவடி, ஊருக்கு ஆங்கிலம்: ஆசிரியர் பயிற்சியின் இரண்டு ஏணிகள்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி பக்கத்துப் பிள்ளைகள் நம்மிடம் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலம் முடித்தாயிற்று, பி.எட். சேரலாமா, இல்லை வேறு வேலைக்குப் போய்விடலாமா? சேருங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு குரல் எப்போதும் இருக்கிறது. "உனக்கு எதுக்குப்பா இங்கிலீஷ் மேஜர், தமிழோ வரலாறோ எடுத்திருந்தா சுலபமா இருந்திருக்குமே" என்கிற குரல். அக்கறையாகச் சொல்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது வேறு யாருடைய வேலையோ என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தானாக வரவில்லை. அதை உண்டாக்கியதில் ஆசிரியர் பயிற்சி முறைக்கே பெரிய பங்கு உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலம் நம் மக்களுக்கு அந்நிய ஓசை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் தியாகதுருகம் மலைக்கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிச் சண்டையிட்டார்கள். பின்பு திப்புவின் படையும் அங்கே வந்தது. அந்தப் படைகளின் பின்னால் சுமை தூக்கவும், சமைக்கவும், குதிரை பார்க்கவும் போனவர்களில் சேரி மக்கள் ஏராளம். சென்னை ராணுவத்தின் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பிரிவில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் பட்லராக, ஆயாவாக, சமையல்காரராக இருந்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வாயால் பேசியவர்கள் இவர்கள். அந்தப் பேச்சுக்கு "பட்லர் இங்கிலீஷ்" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இலக்கணப் புத்தகம் வைத்துக் கற்றவர்களின் ஆங்கிலம் மட்டுமே ஆங்கிலம் ஆனது. ஒரு மொழியைப் பேசுவதற்கும் அதைக் கற்பிக்கும் தகுதிச் சான்று வாங்குவதற்கும் நடுவில் சாதி எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1856-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. ஆசிரியர்களை உருவாக்குவதற்கான பள்ளி அது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அதே 1856-இல் பம்பாய் மாகாணத்தின் தார்வாரில் மகர் சாதிச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். மறுத்துவிட்டார்கள். அவன் அரசாங்கத்துக்கே மனுப் போட்டான். ஒரு சிறுவனுக்காக மற்ற எல்லோரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்ற கணக்கில் அரசாங்கம் கையை விரித்தது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்தவை என்று லண்டனிலிருந்து பிறகு பதில் வந்தது. தாளில் வந்தது, அவ்வளவுதான். மாணவனாகவே உள்ளே போக முடியாதவன் ஆசிரியராக எப்படிப் போவான்?

1880-களில் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்ற பட்டத்தைக் கொண்டுவந்தது. கற்பித்தலுக்கான உரிமம் என்று பொருள். அது பின்பு பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆனது. இன்றைக்கும் பட்டதாரி ஆசிரியரை "பி.டி. அசிஸ்டென்ட்" என்கிறோமே, அந்தப் பழைய பட்டத்தின் மிச்சம் அது. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்த வேண்டுமென்றால் பட்டப்படிப்பும் எல்.டி.யும் வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்கூட 1910-இல் சைதாப்பேட்டையில் அந்தப் பயிற்சியில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைய சென்னை மாகாணப் பட்டதாரிகளில் பெரும்பான்மையினர் பார்ப்பனர்கள். எனவே ஆங்கில ஆசிரியர் என்றாலே யார் என்பது எழுதாமலே முடிவாகியிருந்தது.

அந்த உச்சிப் படிக்குக் கீழே வேறு படிகளும் இருந்தன. லோயர் எலிமென்டரி, ஹையர் எலிமென்டரி, செகண்டரி கிரேடு என்று வரிசை. சில வகுப்புகளே படித்தவருக்குக் கீழ்ப்படி, பள்ளி இறுதி முடித்தவருக்கு செகண்டரி கிரேடு, பட்டதாரிக்கு எல்.டி. இன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவரை "இடைநிலை ஆசிரியர்" என்று அழைப்பது பலருக்குக் குழப்பமாக இருக்கும். தொடக்கப் பள்ளியில் இருப்பவர் எப்படி இடைநிலை ஆனார்? அவர் நடத்தும் வகுப்பின் பெயர் அல்ல அது, அவர் நின்ற படியின் பெயர்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் யார் என்ற கேள்வியை 1882-இலேயே ஜோதிராவ் புலே எழுப்பிவிட்டார். ஹண்டர் கமிஷனுக்குக் கொடுத்த அறிக்கையில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உழைக்கும் மக்களோடு கலந்து பழகக்கூடிய, அவர்களிலிருந்தே வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றார். அதற்கு 34 ஆண்டு முன்பே சாவித்திரிபாய் பயிற்சி பெற்றுப் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். அந்த அனுபவத்திலிருந்து வந்த கோரிக்கை இது.

சென்னை மாகாணத்தில் அந்தக் கோரிக்கைக்கு அரைகுறையாகப் பதில் வந்தது 1893-இல். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் உங்களுக்குத் தெரியும். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கல்விக்காக வந்த 68-ஆம் எண் அரசாணையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பஞ்சமர் கல்வியின் மகா சாசனம் என்று அதைச் சொல்வார்கள். பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், அவற்றுக்குக் கூடுதல் மானியம், பள்ளிக்கூடம் கட்டப் புறம்போக்கு நிலம், பஞ்சமர்கள் ஆசிரியர் பயிற்சி பெற உதவித்தொகை. இவ்வளவும் அதில் இருந்தன.

ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை ஏன் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். நம் பிள்ளைகள் அறிஞர்கள் ஆக வேண்டும் என்ற பரிவு மட்டும் காரணமல்ல. சாதி இந்து ஆசிரியர்கள் சேரிக்குள் கால் வைக்க மறுத்தார்கள். ஆய்வு செய்ய வேண்டியவர்களுக்கும் சேரி வாசல்தான் எல்லை. சேரிப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமானால் சேரியிலிருந்தே ஆள் எடுப்பது ஒன்றே வழி. ஆகவே நமக்குக் கிடைத்த முதல் பயிற்சி, நம் தெருவிலேயே அரிச்சுவடியும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதற்கான பயிற்சி. அந்த ஏணி சேரியில் தொடங்கிச் சேரியிலேயே முடிந்தது. சைதாப்பேட்டை ஏணி வேறு இடத்தில் சாத்தியிருந்தது.

இதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கீழ்ப்படி ஆசிரியர்கள் இல்லாவிட்டால் நம் முன்னோரில் முதல் தலைமுறை கையெழுத்துப் போட்டிருக்காது. மேல் சாதி அதிகாரிக்குத் தலைகுனிந்து, கிராம முன்சீப்பின் மிரட்டலைத் தாங்கி, பண்ணையார் வயலிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கி வந்து உட்காரவைத்தவர்கள் அவர்கள். ஆனால் அரசாங்கம் அவர்களுக்கு வரைந்த எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் இதே எல்லைக்குள்தான் நின்றது. எழுத்து, கணக்கு, ஐரோப்பியர் வீடுகளில் வேலைக்குப் போக உதவும் அளவுக்குப் பேச்சு ஆங்கிலம். அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு சேர்ந்து இயங்கினார், அந்தப் பள்ளிகளால் ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றார்கள். அதை மறுக்க முடியாது. இருந்தாலும் நல்ல மனிதர்கள் கட்டிய கூரையும் கூரைதான்.

கூரையைத் தாண்டிப் போனவர்கள் எப்படிப் போனார்கள்? ரெட்டமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்க் கலாசாலை நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்கள், அவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே படித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போவார், விட்டதும் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டு கிடையாது, சிநேகிதர் கிடையாது. அப்படிக் கற்ற ஆங்கிலத்தோடுதான் அவர் 1930-இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

மயிலை சின்னத்தம்பி ராஜா என்ற எம்.சி. ராஜாவை அரசியல் தலைவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆசிரியராக வேலை பார்த்தவர், பாடநூல்கள் எழுதியவர். 1922-இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கவேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். 1925-இல் "தி ஒப்ரெஸ்டு ஹிண்டூஸ்" என்ற நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் மற்றவர்கள் எழுதிக் குவித்திருந்த அறிக்கைகளுக்கு நடுவே, நம்மில் ஒருவர் தன் கையால் எழுதியது அது. ஆங்கில மேஜர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நூல் போதும்.

இனி நம் பக்கத்துக் கதை. அன்றைய கள்ளக்குறிச்சி வட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் அது விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பழைய தென்னார்க்காட்டில் நம் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்பு வரை ஏற இருந்த வழிகள் குறைவு. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன், திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன், இப்படி மிஷன் பள்ளிகள். மதம் மாறாமல் அங்கே நீடிப்பது எளிதாக இல்லை. ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த ஒரு பையன் அப்படித் திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தான். நன்றாகப் படித்தான். மதம் மாற மறுத்ததால் படிப்பு பாதியில் நின்றது. அவர்தான் சுவாமி சகஜானந்தர்.

சிதம்பரத்துக்கு வந்த சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நடராஜர் கோயில் வாசலில் நிற்கவிடாத ஊரில், நந்தனின் பெயரிலேயே பள்ளி. அதில் நாம் கவனிக்க வேண்டியது விடுதி. தென்னார்க்காட்டுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளை தங்க, தின்ன இடம் இல்லாமல் உயர்நிலைப் பள்ளி என்பது வெறும் பேச்சு. உயர்நிலைப் பள்ளி இல்லாமல் பள்ளி இறுதித் தேர்வு இல்லை. அது இல்லாமல் செகண்டரி கிரேடு பயிற்சிகூட இல்லை. கல்லூரி இல்லை, எல்.டி. இல்லை. ஒரு தட்டுச் சோற்றுக்கும் ஒரு ஆங்கில ஆசிரியருக்கும் இடையில் இத்தனை கண்ணிகள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைச் சகஜானந்தர் பிடித்தார். சட்டமன்றத்திலும் 1926 தொடங்கிப் பல காலம் இருந்து, 1959-இல் மறையும்வரை அதற்காகவே வாதாடினார். அந்தப் பள்ளி இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. சிதம்பரம் போகும் தோழர்கள் கோயிலோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அரசுத் தரப்பில் 1920 வாக்கில் தொழிலாளர் துறை வந்தது. லேபர் ஸ்கூல் என்று நம் தாத்தாக்கள் சொன்னது அந்தத் துறைப் பள்ளிகளைத்தான். அதன் பணிகள் 1949-இல் அரிசன நலத்துறைக்குப் போயின, இன்று ஆதிதிராவிடர் நலத்துறை. 1893-இன் ஏணியின் நேர் வாரிசு இது. இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப்போவதாக 2023-இல் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நம்மிடையே பலத்த விவாதம் நடந்தது. இணைப்புக்கு ஆதரவாகவும் எதிராகவும் நியாயங்கள் இருக்கின்றன, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

சைதாப்பேட்டை ஏணியில் நம்மவர் ஏறத் தொடங்கியது இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் பிறகுதான். 1920-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் 12 பணியிடங்களுக்கு ஒன்று ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு. 1944-இல், அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் இருந்த காலத்தில், பட்டியல் சாதியினருக்குப் பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை வந்தது. நடுவில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொச்சியைச் சேர்ந்த தாட்சாயணி வேலாயுதன். புலையர் சமூகம். 1935-இல் பட்டம் பெற்றார், மூன்று ஆண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியை. பிறகு அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண். பயிற்சி பெற்ற ஒரு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை இந்த நாட்டின் அரசமைப்பை எழுதும் அவையில் இருந்தார் என்பதை எந்த பி.எட். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலம் கற்பிக்கும் முறை மாறியது. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி கொடுக்கும் திட்டம் வந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் மற்றவர்களுக்கு என்று உருண்டு பெருகியதால் அதற்குப் பனிப்பந்து என்றே பெயர். வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தலைமையில் வேறு மாதிரி ஒரு பரிசோதனை நடந்தது. இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வரைபடமோ ஒரு கால அட்டவணையோ கொடுத்து, கணக்குப் போடவைத்து, அதன் வழியே மொழி வரட்டும் என்று விட்டார்கள். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள்; ஆனால் அதன் வகுப்புகள் சென்னையிலும் நம் கடலூரிலும்கூட நடந்தன. இந்த முறைகளை பி.எட்.டில் பெயர் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தத் திட்டங்களில் நாம் காணும் குறை ஒன்று. பிள்ளை எப்படி மொழி கற்கிறது என்று கேட்டார்கள். வகுப்பில் எந்தப் பிள்ளை வாயைத் திறக்க அனுமதிக்கப்படுகிறது என்று கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த முறையில் நடத்தினாலும் ஒன்றுதான்.

இன்றைய பி.எட். இரண்டு ஆண்டு. 2015 முதல் அப்படி. பயிற்சியில் முதலில் மைக்ரோ டீச்சிங்: ஆறேழு நிமிடம், ஒரே ஒரு திறன், கூடப் படிப்பவர்களே மாணவர்கள். பிறகு பாடத்திட்டக் குறிப்பு, கற்பித்தல் கருவிகள், ரெக்கார்டு நோட்டு. இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம் பள்ளிக்குப் போய் நடத்த வேண்டும். அந்த 20 வாரந்தான் ஆசிரியரை உருவாக்குவது. தனியார் கல்லூரிகள் சில அதைக் கையெழுத்து விவகாரமாக்கிவிட்டன என்பது ஊரறிந்தது. உச்சரிப்பைப் பற்றிய பயத்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். லண்டன் உச்சரிப்பு யாருக்கும் தேவையில்லை. தெளிவாக, பிள்ளைக்குக் கேட்கும்படி, கூச்சமில்லாமல் பேசத் தேவை.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழு. சென்னையில் இரண்டு, வேலூர், குமாரபாளையம், கோயம்புத்தூர், புதுக்கோட்டை, ஒரத்தநாடு. பழைய தென்னார்க்காடு முழுவதிலும், அதாவது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்று மாவட்டங்களிலும், ஒன்றுகூட இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அது தனி. மற்றபடி தியாகதுருகத்துப் பெண்ணுக்கும், கல்வராயன் மலையிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வந்த பழங்குடிப் பையனுக்கும் பக்கத்தில் இருப்பது தனியார் கல்லூரிதான். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. அங்கிருந்து ஒருவர் ஆங்கிலப் பட்டதாரி ஆவது எவ்வளவு பெரிய தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்துவ ஆதிதிராவிட மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்பது 2012-இல் வந்த 92-ஆம் எண் அரசாணை. குடும்ப வருமான வரம்பு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இப்போது கிடைக்காது. இதைச் சொல்லாமல் பணத்தை வாங்கும் கல்லூரிகள் உண்டு. சேரும் முன் எந்த ஒதுக்கீடு என்று எழுத்தில் கேளுங்கள்.

படித்து முடித்ததும் அடுத்த வாசல் டெட். 2011-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தேர்ச்சிக்கு 60 விழுக்காடு என்று வைத்தது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை தரலாம் என்றும் அதே வழிகாட்டுதலில் எழுதியிருந்தது. சமூகநீதி பேசும் தமிழ்நாடு அந்தச் சலுகையைத் தரவில்லை. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. அவ்வளவு பேரும் தகுதியற்றவர்களா, தேர்வு தகுதியற்றதா என்று கேட்க வேண்டிய இடம் அது. நாம் கேட்டோம், தொடர்ந்து போராடினோம். 2014 பிப்ரவரியில்தான் 25-ஆம் எண் அரசாணை வந்தது. 150-க்கு 90 என்பது 82 ஆனது. 2013 தேர்வு எழுதியவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். உடனே "தகுதி போச்சு" என்று வழக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரைக் கிளை அந்த ஆணையை ரத்து செய்தது. 82-க்கும் 90-க்கும் இடையில் நின்றவர்கள் இரண்டு ஆண்டு அந்தரத்தில் தொங்கினார்கள். 2016 நவம்பர் 9 அன்று, வி. லாவண்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. எட்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போராட்டம்.

ஆங்கிலப் பட்டதாரிக்கு இதில் இன்னொரு வேடிக்கை. டெட் இரண்டாம் தாளில் ஆங்கிலத்துக்கு 30 மதிப்பெண்தான். அவர் விருப்பப்படி கணிதம் அறிவியலோ சமூக அறிவியலோ எடுத்து அதில் 60-க்கு எழுத வேண்டும். ஆங்கிலம் நடத்தப் போகிறவரை மௌரியரும் பருவக்காற்றும் தேர்வு செய்கின்றன. அதனால் பி.எட். முதல் ஆண்டிலேயே ஆறு முதல் பத்து வரையிலான சமூக அறிவியல் சமச்சீர்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேறிய பிறகும் 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. 2,222 இடங்களுக்கு அறிவித்த அந்தத் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. 2013-இல் டெட் தேறியவர்களுக்குப் பத்தாண்டு வயது ஏறியிருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று, பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்த நம் மூத்த ஆசிரியர்கள் பலர் இப்போது பிள்ளைகளோடு சேர்ந்து கைடு வாங்குகிறார்கள்.

பாமாவின் "கருக்கு" ஆங்கில மொழிபெயர்ப்பில் பல கல்லூரிகளின் ஆங்கில வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. அதை நடத்துபவர் சேரியைப் பார்த்திராதவராக இருந்தால் அது "தலித் இலக்கியத்தின் இயல்புகள்" என்ற பத்து மதிப்பெண் கேள்வியாகிவிடுகிறது. பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவர் யார் என்பதும் அப்படித்தான். "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்று புத்தகம் சொல்லும்போது, என் அப்பா கூலி என்று சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கட்டிக்கொடுக்க ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு அரசு கல்வியியல் கல்லூரி என்ற கோரிக்கையை இந்தக் கல்வியாண்டிலேயே மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கலாம். வேலூருக்கோ குமாரபாளையத்துக்கோ இரண்டு ஆண்டு பெண்ணை அனுப்ப முடியாத வீடுகளிலிருந்து முதல் கையெழுத்துகளை வாங்குவோம்.